எட்டு கிலோ ஏறாத வீட்டுக் கம்ப்ரஸர்: பழுது பார்ப்பதா, ஹெட் மாற்றுவதா, புதிது வாங்குவதா?

வீட்டின் பின்புறம் சிறு பட்டறை வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி சிறுசிறு மாற்றங்களோடு வந்துகொண்டிருக்கிறது. 2 எச்.பி. மோட்டார், 50 லிட்டர் தொட்டி கொண்ட கம்ப்ரஸர். வாங்கிய புதிதில் எட்டு கிலோ வரை ஏறித் தானாக நின்றது. இப்போது நாலரை கிலோவைத் தொட்டதும் கேஜின் முள் அசையாமல் நின்றுவிட, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மெக்கானிக் ஹெட் போய்விட்டது என்கிறார், கடைக்காரர் புதிது வாங்கச் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் எங்கோ கசிகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார். இவர்களில் யார் பேச்சைக் கேட்பது?

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டறைகளில் 'கிலோ' என்று சொல்வது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் என்னும் அழுத்தத்தை. பஞ்சர் கடையில் 'பவுண்டு' என்று சொல்லும் கணக்கில் ஒரு கிலோ ஏறத்தாழ 14.2 பவுண்டு. கேஜில் 'பார்' என்று அச்சிட்டிருந்தால் அதையும் கிலோவாகவே எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுதான். இக்கட்டுரை முழுவதும் கிலோ என்றே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

பெரும்பாலோர் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். அது பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைவது போன்றது. நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்களில் முதலாவது, உள்ளே போக வேண்டிய காற்று எங்கே போகிறது என்பது; தொட்டியில் ஏறிய பிறகு வெளியேறுகிறதா, தொட்டிக்கே வந்து சேரவில்லையா என்று தெரியாமல் செய்யும் எந்தச் செலவும் குருட்டுச் செலவுதான். இரண்டாவது தொட்டியின் நிலை. அடித்தட்டு துருவேறி மெலிந்திருந்தால் மற்றக் கணக்குகள் அத்தனையும் செல்லாது. மூன்றாவது, நீங்கள் செய்யும் வேலைக்கு உண்மையில் எத்தனை கிலோ தேவை என்பது. இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே உதிரி பாகம் கிடைக்குமா, எத்தனை நாள் அலைய வேண்டும், எவ்வளவு ஆகும் என்ற கேள்விகளுக்குப் போக வேண்டும்.

## ஸ்பானரை எடுப்பதற்கு முன் இரண்டு எண்கள்

முதல் எண், நிரம்பும் நேரம். தொட்டியை முழுவதும் காலி செய்து, தொட்டியின் அடியில் தண்ணீர் வடிப்பதற்காக இருக்கும் டிரெய்ன் காக்கைத் திறந்து தண்ணீரையும் வடித்துவிட்டு, திறந்ததை மூடி, காற்று வெளியேறும் வால்வையும் அடைத்து, சுழியத்திலிருந்து முள் ஏறுவதைக் கைப்பேசியின் கடிகாரத்தால் அளக்க வேண்டும். 50 லிட்டர் தொட்டியில் ஒவ்வொரு கிலோ ஏறுவதற்கும் ஏறத்தாழ 50 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். ஆகவே எட்டு கிலோவுக்கு 400 லிட்டர். நிமிடத்திற்குச் சராசரியாக 100 லிட்டர் தரும் பம்ப் இதை நான்கு நிமிடத்தில் முடித்துவிடும். (ஊட்டியில் இருப்பவர்கள் பதற வேண்டாம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றே மெலிது. அதே இயந்திரம் அங்கே கால் பங்குக்கு மேல் கூடுதல் நேரம் எடுப்பது இயல்பு.)

இரண்டாவது எண், இறங்கும் வேகம். ஏறிய வரைக்கும் ஏறட்டும். பிறகு மின்சாரத்தை அணைத்து, குழாயைக் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்து முள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு கிலோ இறங்கியிருந்தால் 50 லிட்டர் போயிருக்கிறது, அதாவது நிமிடத்திற்கு ஐந்து லிட்டர். இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை பெரும்பாலும் தோற்றுப்போகிறது. நிமிடத்திற்கு நூறு லிட்டர் தரும் பம்பை ஐந்து லிட்டர்க் கசிவால் நாலரை கிலோவில் தடுத்து நிறுத்த முடியாது. பம்ப் தருவது அத்தனையையும் விழுங்க வேண்டுமானால் அந்த அழுத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் துளை இருக்க வேண்டும். அப்படி ஒரு துளை இருந்தால் நீங்கள் தேட வேண்டியதே இல்லை, தெருமுனை வரை சீறல் கேட்கும். மெல்லிய கசிவு மோட்டாரை அடிக்கடி எழுப்பும், மின்கட்டணத்தைக் கூட்டும். அழுத்தம் ஏறாமல் போவதற்கு அது காரணமாவதில்லை.

இந்தச் சோதனைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. தொட்டிக்குள் நுழையும் இடத்தில், காற்று பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வுக்கு முன்னால், அதாவது பம்பிலிருந்து வரும் செம்புக் குழாயிலோ, அழுத்தம் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சின் அடியில், மோட்டார் நின்றதும் அந்தக் குழாயில் மிஞ்சிய காற்றை வெளியே விடும் சிறிய அன்லோடர் வால்விலோ ஏற்படும் கசிவு, மோட்டார் ஓடும்போது மட்டுமே தெரியும். ஓடும்போது அந்தக் குழாய் தொட்டால் சுட்டுவிடும் சூட்டில் இருக்கும். சோப்புத் தண்ணீர் பட்டதும் ஆவியாகிவிடும். இதற்கு நான் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி இணைப்புகளின் அருகே மெல்லக் கொண்டுபோகிறேன்; கசிவு இருக்கும் இடத்தில் புகைக்கோடு சட்டென்று ஒடிந்து விலகும். அருகில் தின்னர் டப்பா இருந்தால் முதலில் அதை வெளியே வைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

இவற்றோடு, கேஜையும் சந்தேகப்பட வேண்டும். வேறொரு கேஜைக் குழாயின் முனையில் மாட்டி ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். பொய் சொல்லும் முள்ளை நம்பி நல்ல பம்பைக் கழற்றியவர்கள் உண்டு.

## வழி ஒன்று: கசிவை அடைத்து, சிறு பாகங்களை மாற்றுவது

இறங்கும் வேகம் அதிகமாகவும் நிரம்பும் நேரம் ஏறத்தாழ பழையபடியும் இருப்பவர்களுக்கான வழி இது. சோப்பு நுரையை டிரெய்ன் காக், சேஃப்டி வால்வு, கேஜ் முறுக்கும் இடம், வெளியேறும் வால்வு ஆகியவற்றில் தடவிப் பார்த்தால் குற்றவாளி தானே குமிழி விட்டுக் காட்டிக்கொடுப்பான். காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகே எந்த இணைப்பையும் திருக வேண்டும். ஒரு சுருள் டெஃப்லான் டேப்பும் ஒரு புது டிரெய்ன் காக்கும் பெரும்பாலான தொட்டிப்பக்கக் கசிவுகளைத் தீர்த்துவிடும்.

மோட்டார் நின்ற பிறகு பிரஷர் ஸ்விட்சின் அடியிலிருந்து சீறல் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், பலர் ஸ்விட்சைத்தான் மாற்றுகிறார்கள். ஸ்விட்ச் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. நான்-ரிட்டர்ன் வால்வுக்குள் இருக்கும் சிறு ரப்பர் அடைப்பானில் கரித்துகள் சிக்கியிருக்கும். தொட்டியின் காற்று பின்னோக்கி வந்து அன்லோடர் வழியே போகிறது. வால்வைக் கழற்றித் துடைத்தாலே போதுமானதாக இருக்கலாம். மோட்டார் ஓடும்போதே அந்த இடத்தில் சீறினால் அன்லோடர் மூடவில்லை என்று பொருள். அப்போது அழுத்தம் ஏறாமல் போவதற்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு காலம்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓர் இணைப்பாக அடைத்துக்கொண்டே போய், நோய் பம்பில் இருப்பது நான்காவது ஞாயிறில் தெரிய வருவது பலருக்கும் நடக்கிறது.

ஏர் ஃபில்டரையும் மின்சாரத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். பஞ்சு அடைத்த ஃபில்டரைக் கழற்றிவிட்டு நிரம்பும் நேரத்தை மறுபடி அளந்தால் விடை கிடைத்துவிடும். 2 எச்.பி. ஒற்றைப் பேஸ் மோட்டார் ஓடும்போது பத்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இருபது மீட்டர் மெல்லிய நீட்டிப்பு வயரில் அதை ஓட்டினால் மோட்டாருக்குப் போய்ச்சேரும் மின்னழுத்தம் விழுந்துவிடும். 230 வோல்ட்டுக்குப் பதில் 190 கிடைத்தால், மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடுகிறது. ஆனால் அதன் அறிகுறி வேறு. மோட்டார் முனகும், வேகம் தணியும், ஓவர்லோடு விழும். கேஜின் முள் மட்டும் நின்றுபோய் மோட்டார் வழக்கமான குரலில் ஓடிக்கொண்டிருந்தால் மின்சாரத்தைக் குறை சொல்ல வேண்டாம். பெல்ட் வைத்த இயந்திரமானால் பெல்ட் வழுக்குகிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

## வழி இரண்டு: மேல்மூடியைத் திறந்து வால்வையும் ரிங்கையும் மாற்றுவது

தொட்டி காற்றைப் பிடித்து வைக்கிறது, ஆனால் நிரம்பும் நேரம் இரட்டிப்பாகிவிட்டது அல்லது பாதியில் நின்றுவிடுகிறது என்றால் நோய் பம்புக்குள் இருக்கிறது. நாலரையில் நிற்கும் இயந்திரங்களில் நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான்.

பம்பின் உள்ளே மூன்று இடங்கள் தோற்கலாம். மூன்றையும் திறக்காமலே ஓரளவு பிரித்தறியலாம். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கேஜின் முள் நிற்கும் நிலையில், காற்று உறிஞ்சும் துளையின் முன் உள்ளங்கையை விரல் தூரத்தில் பிடியுங்கள். உறிஞ்ச வேண்டிய இடத்திலிருந்து கையில் 'புஸ் புஸ்' என்று காற்று அடித்தால், உறிஞ்சும் பக்கத்து ரீட் தகடு (வால்வாகத் திறந்து மூடும் மெல்லிய எஃகுத் தகடு) உடைந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. எதுவும் அடிக்காமல் மேல்மூடி வழக்கத்தைவிடக் கடுமையாகச் சூடேறினால், வெளியேற்றும் பக்கத்து ரீட்டையோ, இரு அறைகளுக்கும் நடுவில் கிழிந்த கேஸ்கட்டையோ சந்தேகப்படலாம். ஒரே காற்றையே பம்ப் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் மூச்சுத்துளையில் பலமாகக் காற்று வந்து, தொட்டியிலிருந்து வடியும் தண்ணீரில் எண்ணெயும் மிகுந்து வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

இந்தச் சோதனைகளைச் செய்யாமல் நான் ஒருமுறை ஏமாந்தேன். என் இயந்திரம் ஐந்து கிலோவில் நின்றபோது, ஓடிய ஆண்டுகளை எண்ணிப் பார்த்து ரிங்தான் என்று தீர்மானித்து, ரிங் செட் வாங்கி, ஒரு நாள் முழுவதும் செலவழித்து மாட்டினேன். முள் மறுபடியும் அதே ஐந்தில் போய் நின்றது. இரண்டாம் முறை திறந்தபோதுதான் வால்வு பிளேட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கைக்கடிகாரப் பட்டை அளவே உள்ள எஃகுத் தகட்டின் ஒரு மூலை பிறைபோல உடைந்து போயிருந்தது. அதற்கு நேரே பிஸ்டனின் தலையில் ஊசியால் கீறியது போன்ற சிறுசிறு வடுக்கள். உடைந்த துண்டு சிலிண்டருக்குள் விழுந்து எத்தனையோ ஆயிரம் முறை மிதிபட்டிருக்கிறது. சுவரில் ஆழமான கீறல் விழாதது என் அதிர்ஷ்டம். கீறியிருந்தால் அப்போதே நான் மூன்றாம் வழிக்குப் போயிருக்க வேண்டும்.

ரீட் ஏன் உடைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். உலோகச் சோர்வு ஒரு காரணம். இன்னொன்று நம் கைவேலை. வீட்டில் மிச்சமிருந்த வண்டி இன்ஜின் ஆயிலைக் கம்ப்ரஸரில் ஊற்றினால், அது சூட்டில் கரியாகி வெளியேற்றும் வால்வின் மேல் படிந்து, தகடு முழுதாக உட்காராமல் செய்துவிடும். கம்ப்ரஸருக்கென்றே விற்கும் எண்ணெயை, பொதுவாக 100 என்னும் பிசுக்குத் தரத்தில், ஊற்றுவதற்கு ஆகும் கூடுதல் பணம் ஒரு கேஸ்கட்டின் விலைகூட இராது.

இந்த வழியில் பாகத்தின் விலையைவிடக் கைப்பக்குவம்தான் முக்கியம். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது அலுமினிய முகத்தில் கீறல் விழக்கூடாது. கேஸ்கட் கிடைக்கவில்லை என்று சிலிக்கான் பேஸ்ட்டைத் தடவக்கூடாது. பிதுங்கி உள்ளே போகும் துணுக்கு ரீட்டுக்கு அடியில்தான் போய் உட்காரும். போல்ட்டுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். எண்ணெய் இல்லாத வகை இயந்திரத்தில் ரிங்குக்குப் பதிலாகக் கிண்ண வடிவ டெஃப்லான் சீல் இருக்கும்; அதை மாற்றும்போது சிலிண்டர் உறையையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. தேய்ந்த உறை புதுச் சீலை விரைவில் தின்றுவிடும்.

பம்பும் மோட்டாரும் கம்ப்ரஸரும் தயாராகும் கோவையில் இருப்பவர்களுக்கு இந்த வழி எளிது. பழைய தகட்டைக் கையில் கொண்டுபோனால் அளவு பார்த்து எடுத்துத் தருவார்கள். பெயரில்லாத இறக்குமதி இயந்திரம் வைத்திருப்பவர்கள், திறப்பதற்கு முன்பே பாகம் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

## வழி மூன்று: ஹெட்டை முழுதாக மாற்றுவது

பட்டறைப் பேச்சில் ஒரு குழப்பம் இருக்கிறது. சிலிண்டரின் மேல்மூடியையும் 'ஹெட்' என்பார்கள், பம்ப் முழுவதையும் 'ஹெட்' என்பார்கள். 'ஹெட் மாத்தணும்' என்று மெக்கானிக் சொன்னால், எந்த ஹெட் என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுங்கள். இரண்டுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம்.

சிலிண்டர் கீறியிருந்தாலோ, கனெக்டிங் ராடில் தட்டும் ஓசை கேட்டாலோ, கிராங்க் ஆடினாலோ பம்ப் முழுவதையும் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. அதற்கு மோட்டாரும் தொட்டியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், இயந்திரம் பெல்ட் வகையாக இருக்க வேண்டும். மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் இணைந்த நேரடி வகையில் இது பெரும்பாலும் வீண் அலைச்சல்.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம். புது பம்பின் அடித்துளைகள் பழைய மேடையில் பொருந்த வேண்டும்; புல்லியின் விட்டம் மாறினால் வேகம் மாறும்; செம்புக் குழாயின் நட்டு அளவு மாறினால் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். பெரிய பம்பாகப் போட்டுவிடலாம் என்ற ஆசையில் 2 எச்.பி. மோட்டாரின் மேல் 3 எச்.பி. பம்பை ஏற்றினால், அடுத்துப் புகைவது மோட்டார். பழைய வார்ப்பிரும்பு பம்பைக் காயலான் கடையில் எடைக்குப் போடலாம் என்பது மட்டும் சிறு ஆறுதல்.

## வழி நான்கு: புதிது வாங்குவது

தொட்டி துருப்பிடித்திருந்தால் வேறு வழியே இல்லை. வடியும் தண்ணீர் செம்மண் நிறத்தில் செதில்களோடு வந்தாலோ, அடிப்பக்கத்தில் ஊசித்துளை ஈரம் கசிந்தாலோ, அந்தத் தொட்டியில் வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். துளை விழுந்த இடம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. சுற்றியுள்ள தகடும் அதே அளவு மெலிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் ஹைட்ரோ சோதனை செய்யலாம். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது என்பதால், சோதனையில் தொட்டி பிளந்தாலும் குண்டுபோல வெடிக்காது. வீட்டு அளவுத் தொட்டிக்கு அந்தச் சோதனைக்கு அலைவதைவிடப் புதிது வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

புதிது வாங்குபவர் பெயர்ப்பலகையில் உள்ள லிட்டர் கணக்கைப் பார்த்து மயங்கக்கூடாது. அது பெரும்பாலும் பிஸ்டன் நகரும் கொள்ளளவைக் கணக்கிட்ட எண். உண்மையில் குழாயில் வெளிவருவது அதைவிடக் கணிசமாகக் குறைவு. எண்ணெய் இல்லாத வகை பராமரிப்புக் குறைவானது, ஆனால் தொடர்ந்து ஓட்டினால் விரைவில் சூடேறும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,800 சுற்று ஓடும் நேரடி வகைகள் மதியத் தூக்கத்தைக் கெடுத்து அண்டை வீட்டு உறவையும் கெடுக்கும். மெதுவாக ஓடும் பெல்ட் வகை கனமானது, இடத்தை அடைப்பது. ஆனால் நீடித்து உழைக்கும், பிரித்து மாட்டவும் எளிது. மோட்டாரின் வைண்டிங் செம்பா அலுமினியமா என்று கேளுங்கள். பதிலைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

## ஐந்தாவதாக ஒன்று: அப்படியே வைத்துக்கொள்வது

இதை யாரும் யோசிப்பதில்லை. கார் டயருக்கு 32 முதல் 35 பவுண்டு, அதாவது இரண்டரை கிலோ போதும். பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கிக்கு இரண்டு மூன்று கிலோ. நாலரை கிலோ ஏறும் இயந்திரம் இவற்றுக்குத் தாராளம். ஆனால் எட்டில் நிற்கும்படி வைத்த பிரஷர் ஸ்விட்ச், எட்டு வராததால் மோட்டாரை நிறுத்தவே நிறுத்தாது. ஆகவே ஸ்விட்சின் நிற்கும் அளவை நாலுக்கு இறக்கி வைக்க வேண்டும். இறக்குவதில் ஆபத்து இல்லை. ஏற்றுவதும் சேஃப்டி வால்வை முறுக்கி அடைப்பதும் உயிரோடு விளையாடுவது. ஆணி அடிக்கும் துப்பாக்கியோ, ஆறு கிலோ கேட்கும் இம்பாக்ட் ரெஞ்ச்சோ வைத்திருப்பவருக்கு இது உதவாது. கையில் 'புஸ்' என்று அடிக்கும் இயந்திரத்துக்கும் உதவாது, ஏனென்றால் உடைந்த தகட்டின் துண்டு உள்ளே கிடக்கலாம்.

| | கசிவு அடைத்தல் | வால்வு, ரிங் | பம்ப் மாற்றல் | புதிது |
|---|---|---|---|---|
| எப்போது சரி | முள் விரைவாக இறங்கும்போது | தொட்டி பிடிக்கிறது, ஏறத்தான் நேரமாகிறது | சிலிண்டர் கீறல், கிராங்க் ஆட்டம் | தொட்டித் துரு, மோட்டார் சேதம் |
| கைச்செலவு | மிகக் குறைவு | குறைவு | புதியதில் கணிசமான பங்கு | முழு விலை |
| மறைமுகச் செலவு | வீணாகும் ஞாயிறுகள் | கைப்பக்குவம், தவறான கணிப்பு | பொருத்தம், புல்லி, லேத் வேலை | வயரிங், சத்தம், உதிரி கிடைப்பது |
| யாருக்கு வேண்டாம் | பாதியில் நிற்கும் இயந்திரத்துக்கு | பாகம் கிடைக்காத இறக்குமதிக்கு | நேரடி வகைக்கு | ஒரு ரீட் மட்டும் உடைந்தவருக்கு |

தொடக்கத்தில் சொன்ன நாலரை கிலோ வாசகர், தொட்டி பத்து நிமிடத்தில் கால் கிலோவுக்கு மேல் இறங்கவில்லை என்றும், உறிஞ்சும் துளையில் கை வைத்தால் காற்று அடிக்கிறது என்றும் சொன்னால், அவருக்கு என் விடை இரண்டாம் வழி. ரீட், கேஸ்கட் இரண்டையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே அவர் மேல்மூடியைத் திறக்கட்டும். பத்து ஆண்டு பழைய நேரடி வகை இயந்திரத்தில் ரிங்கும் தேய்ந்து, வடியும் தண்ணீரும் சிவந்திருக்கிறது என்றால் ஸ்பானரை எடுக்கவே வேண்டாம். காற்றை வெளியேற்றிவிட்டுக் கடைக்குப் போகலாம்.

எந்த வழியில் போனாலும், வேலை முடிந்த அன்றைக்கே நிரம்பும் நேரத்தை மறுபடி அளந்து எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது ரீட் மாட்டிய பிறகு என் இயந்திரத்தின் தொட்டியில், கேஜுக்குக் கீழே, வெள்ளைப் பெயிண்டால் 'எட்டு கிலோ: 4 நிமிடம் 10 விநாடி' என்று எழுதியிருக்கிறேன். சென்ற மாதம் அளந்தபோது 4 நிமிடம் 25 விநாடி ஆனது. ஃபில்டரைத் தட்டி மாட்டியதும் 4.15-க்கு வந்தது.